கடைசி ஆளின் குரல்

என் தம்பி ராஜீவுக்குக் காதுதான் சோறு போடுகிறது. ஈசூன் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்குகளில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. லிஃப்ட் மேலே ஏறும் சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று ஓரளவுக்குச் சொல்லிவிடுவான். அந்தக் காதுதான் போன வருஷம் அவனை ஏமாற்றியது. ஏமாற்றியதா, இல்லையா என்பதுதான் இன்றுவரை எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

நான் லீலா, அவனுக்கு மூத்தவள். தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று கீழே மீன் விற்கிறவர்கள் வரைக்கும் தெரியும். ராஜீவ் கல்யாணம் செய்தான், அது நிலைக்கவில்லை. ஒரு பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் ஈசூனில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பெட்டி அறைக்குள் போனது. சைக்கிள் என் ஹாலில், ஸோஃபாவுக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில் நின்றுகொண்டது. விளக்கேற்றப் போகும்போதெல்லாம் பெடல் என் முட்டியில் இடிக்கும், நான் திட்டுவேன், அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு வார்த்தை கூடத் திட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டுவார்கள். ராஜீவ் எப்போதும் முன்னால். அடுத்தது அருண்ராஜ், திருச்சியிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த பையன். மூன்றாவது அர்ஃபான், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். கடைசியாகக் குமரன். குமரனும் ராஜீவும் பிரைமரி ஒன்றிலிருந்து ஒரே பெஞ்சு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். வாரம் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதால், கீழே இறங்கினால் வாய் மூடாது. நாலு பேரும் விடிவதற்குள் கிளம்பி, மண்டாய், கிராஞ்சி, லிம் சூ காங் என்று சுற்றிவிட்டு, வெயில் ஏறியதும் தேக்காவுக்கு வந்து ஆளுக்கு நாலு தோசை தின்பார்கள். ஓட்டியதில் குறைந்த எடை எல்லாம் அங்கேயே திரும்பி வந்துவிடும்.

இவர்கள் ஓட்டுகிற முறை எனக்குப் பார்க்கவே பிடிக்காது. ஒருவன் பின்சக்கரத்தை இன்னொருவன் முன்சக்கரம் தொடுகிறாற்போல ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையாகப் போவார்கள். முன்னால் போகிறவன் காற்றை வாங்கிக்கொள்வான், பின்னால் வருகிறவர்களுக்குக் களைப்பு குறையும். ஆனால் யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. தலை திரும்பினால் கையும் திரும்பும், ஒருவன் ஆடினால் அத்தனை பேரும் விழுவார்கள். அதனால் அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஒவ்வொரு சிக்னலைத் தாண்டியதும் கடைசி ஆள் "வந்தாச்சு" என்று கத்த வேண்டும். அது கேட்டால், எல்லாரும் சேர்ந்துவிட்டோம் என்று முன்னால் இருப்பவன் வேகம் எடுப்பான். கேட்காவிட்டால் நிறுத்துவான். குமரன் மட்டும் "வந்தாச்சுலா" என்பான், எங்கள் ஊர்ப் பேச்சில் வால் மாதிரி ஒட்டிக்கொள்கிற அந்த லாவை ஒரு இழுப்பு இழுத்து. என் வீட்டுக்குச் சாப்பிட வந்தாலும் லிஃப்ட் கதவு திறந்ததுமே நடைபாதையிலிருந்து அதே கத்தல்தான். நான் உடனே இன்னொரு கரண்டி மாவை ஊற்றுவேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் இருட்டாக இருக்கும்போது, மண்டாய் சாலை முடிகிற சிக்னலைத் தாண்டினார்கள். ராஜீவுக்கு "வந்தாச்சுலா" கேட்டது. வேகம் எடுத்தான். லிம் சூ காங் சாலை கடலில் போய் முட்டுகிற இடத்தில் தண்ணீர் குடிக்க நின்றபோது பார்த்தால், மூன்று பேர்தான் இருக்கிறார்கள். பஞ்சராக இருக்கும் என்று அர்ஃபான் சொன்னான். அருண்ராஜ் போன் போட்டான். எடுத்தது குமரன் இல்லை. வேலைக்கு லாரியில் போய்க்கொண்டிருந்த தமிழ்ப் பையன் ஒருவன் எடுத்து, அண்ணே, இந்தப் போன்காரர் சிக்னலுக்கு முன்னாடி புல்லில் கிடக்கிறார், ஆம்புலன்ஸ் சொல்லியிருக்கிறோம், சீக்கிரம் வாங்க என்று அழுதிருக்கிறான். யாரும் இடிக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது. கொஞ்சம் நேரத்தோடு யாராவது பார்த்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, ராஜீவ் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாராம். நிறுத்தி என்ன பிரயோசனம்? சொல்லாமல் விட்ட பாதியைத்தான் என் தம்பி இந்த ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சிக்னலுக்கு முன்னாலேயே விழுந்தவன், சிக்னலைத் தாண்டிய பிறகு எப்படிக் கூப்பிட்டான்?

ராஜீவ், எனக்குக் கேட்டது என்றான். அருண்ராஜ், எனக்கு எதுவும் கேட்கவில்லை, நீங்கள் வேகம் எடுத்தீர்கள், நானும் எடுத்தேன் என்றான். குமரனுக்கு நேர் முன்னால் போன அர்ஃபான் முதலில் கேட்ட மாதிரி இருந்தது என்றான், பிறகு தெரியவில்லை என்றான், பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போனான். நான் என் தம்பிக்குச் சமாதானம் சொன்னேன். வருஷக்கணக்காக அதே சிக்னலில் அதே குரல் கேட்ட காது. மிஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தாலும் எனக்குக் கால் மிதித்துக்கொண்டே இருக்கிறதில்லையா, அந்த மாதிரிதான் என்றேன். ராஜீவ் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, அப்படின்னா என் காத நம்பி ஆளுங்க லிஃப்ட்ல ஏறுறாங்களே, அது என்ன?"



அதற்குப் பிறகு அவனோடு ஒரே வீட்டில் இருந்த பாடு எனக்குத்தான் தெரியும். மேல் மாடியில் தனியாக லிஃப்ட் கதவைச் சாத்தும்போது, லிஃப்ட் ஏறி இறங்கும் கிணற்றுக்குள், கீழே இருந்து, அந்தக் குரல் கேட்கிறதாம். துணைக்கு ஆள் இல்லாமல் வேலைக்குப் போக மாட்டேன் என்றான். வீட்டில் டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தான். படிக்கட்டில் என் பின்னால் வருகிறவன் திடீரென்று நின்று திரும்பிப் பார்ப்பான். எங்கள் நடைபாதையில் லிஃப்ட் திறந்தால் போதும், சோற்றில் வைத்த கை அப்படியே நிற்கும். எனக்கும்தான் நின்றது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஒரு நாள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், லிஃப்ட் கதவு திறந்தது, என் கை தன்னால் இன்னொரு கரண்டி எடுத்தது. அந்தத் தோசையை நாங்கள் இரண்டு பேரும் தொடவில்லை.

தோ பாயோ கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய் அர்ச்சனை செய்தேன். கையில் கயிறு கட்டினார்கள். கயிற்றோடு போய் லிஃப்ட் கிணற்றுக்குள் நின்று அவன் கேட்டது அதே குரல்தான்.

இந்த நிலையில்தான் குமரன் மகள் ரக்ஷனா என் கடைக்கு வந்தாள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பெண். பையிலிருந்து அவள் அப்பாவின் சைக்கிள் ஜெர்சியை எடுத்து மிஷின் மேல் வைத்தாள். இதை என் அளவுக்குச் சின்னதாக்கித் தாருங்கள் ஆன்ட்டி என்றாள். எதற்கு என்று கேட்டேன். துவாஸில் ஒரு பந்தயம் நடக்கப்போகிறதாம். சாலையை அடைத்துவிட்டு, நாலு நாலு பேர் கொண்ட குழுக்களாக விடுவார்கள். குமரன் தேக்காவில் உட்காரும்போதெல்லாம் அடுத்த வருஷம் ஓட்டுவோம், அடுத்த வருஷம் ஓட்டுவோம் என்று சொல்லிக்கொண்டிருந்த பந்தயம் அது. அவள் யாரையும் கேட்காமல் நாலு பேர் பெயரையும் பதிவு செய்துவிட்டாள். அப்பா இடத்தில், அப்பா சைக்கிளில், கடைசி ஆளாக அவள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவனே இப்போதுதான் கொஞ்சம் சோறு தின்கிறான், அவனைக் கொண்டுபோய் மறுபடி அந்த வரிசையில் நிறுத்தப் போகிறாயா என்று கத்தினேன்.  அவள் ஜெர்சியின் கையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்கள் அப்படியே குமரன் விரல்கள். நான் அளவு நாடாவை எடுத்தேன். துணியை வெட்ட மனம் வரவில்லை. இரண்டு பக்கமும் உள்ளே மடித்துத் தைத்தேன். பிரித்தால் குமரன் அளவு அப்படியே இருக்கும்.

ராஜீவ் மாட்டேன் என்று சொல்வான் என்று நினைத்தேன். அவளிடம் அவனால் எதற்கும் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. பயிற்சிக்குப் போனார்கள். முன்னால் போகிறவன் நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் திருப்பினான், பின்னால் வருகிறவர்கள் தடுமாறினார்கள். எங்களையெல்லாம் கொல்லப் போகிறாயா என்று அர்ஃபான் சத்தம் போட்டான். அப்போது ரக்ஷனாதான் ஒரு ஏற்பாடு சொன்னாள். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் நான் கூப்பிடுவேன் அங்கிள், கேட்டால் போங்கள், கேட்காவிட்டால் நில்லுங்கள் என்று. ராஜீவ் ஒத்துக்கொண்டான். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டான். லா வேண்டாம்.

பந்தயத்துக்கு முந்தின நாள் குமரன் மனைவி சங்கீதா சுவா சூ காங்கிலிருந்து எனக்குப் போன் செய்தாள். சுற்றி வளைத்துப் பேசவில்லை.

"அக்கா, உங்க தம்பி முன்னாடி போனாருன்னா திரும்பிப் பாக்கவே மாட்டாரு. ஒரு ஆள விட்டுட்டு வந்தாச்சு. எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்."

சுருக்கென்று இருந்தது.  ஆனால் அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே. நான் ராஜீவ் அறைக்குப் போய், நீ ஜெயிக்க வேண்டாம், தோற்கவும் வேண்டாம், அந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து அவள் அம்மாவிடம் சேர், அது போதும் என்றேன். அதுதான் அக்கா, அது மட்டும்தான் என்றான்.

காலையில் துவாஸில் நானும் சங்கீதாவும் முடிவுக் கோட்டுப் பக்கம் கூடாரத்தில் நின்றோம். வாழைப்பழமும் பாட்டில் தண்ணீருமாக ஒரே கூட்டம். பந்தயத்தின் விதியை மைக்கில் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். போய்த் திரும்பி, போய்த் திரும்பி, மொத்தம் இரண்டு சுற்று. நாலு பேர் கிளம்பினாலும் மூன்றாவதாக வருகிறவரின் நேரம்தான் குழுவின் நேரம். அதாவது மூன்று பேர் போதும். நாலாவது ஆள் பின்தங்கினால் விட்டுவிட்டு வரலாம், அது தப்பில்லை. சங்கீதா என் பக்கம் திரும்பி, இது என்னக்கா ரூல் என்றாள். நான் வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

முதல் சுற்று முடிந்து எங்களைத் தாண்டும்போது நாலு பேரும் ஒரே நூலில் கோத்த மாதிரி போனார்கள். ராஜீவ் தலை அசையவில்லை. கடைசியில் நான் மடித்துத் தைத்த ஜெர்சி. தாண்டிய நொடியில் "வந்தாச்சு" என்று மெல்லிய குரல் ஒன்று காற்றில் வந்தது. சங்கீதா அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். நல்ல நேரத்தில் போகிறார்கள், மூன்றாம் இடம் கிடைத்தாலும் கிடைக்கும் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார்.

இரண்டாவது சுற்றில் இரண்டு பேர்தான் வந்தார்கள்.

அருண்ராஜும் அர்ஃபானும். கோட்டைத் தாண்டியதும் அருண்ராஜ் சைக்கிளைத் தள்ளிவிட்டு, ஜெயித்துக்கொண்டிருந்தோம், ராஜீவ் அண்ணன் திடீரென்று திரும்பிப் போய்விட்டார், ரக்ஷனா எப்போது விடுபட்டாள் என்றே தெரியாது, ஆனால் மூன்று பேர் இருந்தோமே, போதுமே என்று படபடத்தான். சங்கீதா என் கையைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது. என் பொண்ணு எங்கே என்று அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அர்ஃபான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் சாலை விளிம்பில் உட்கார்ந்திருந்தான். நான் குனிந்து, என்னடா நடந்தது என்று கேட்டேன். அவன் சங்கீதாவுக்குக் கேட்காத மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"குரல் கேட்டுச்சுக்கா. லாவோட. அவன் உடனே நின்னுட்டான். நான் நிக்கல. அன்னைக்கும் கேட்டுச்சு, அன்னைக்கும் நான் நிக்கல."

 ஒருவன் காது ஏமாற்றலாம். இரண்டு பேர் காது, இரண்டு தடவை, ஒரே மாதிரி ஏமாற்றுமா? கால் தானாக மிதிக்கும் என்ற என் மிஷின் கதையை நானே இனிமேல் நம்ப முடியாது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. போன தடவை அந்தக் குரல் வந்தாச்சு என்றபோது ஒருவன் புல்லில் கிடந்தான். இப்போது யார் கிடக்கிறார்கள்? அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். எத்தனையோ குழுக்கள் வந்தன, ஒவ்வொரு குழுவிலும் எங்கள் நிறத்தைத் தேடித் தேடி எனக்குக் கண் எரிந்தது.

கடைசியில் சாலை ஓரமாக இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஆளுக்கு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஒருவர் மேலும் ஒரு கீறல் இல்லை. சங்கீதா ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு என் தம்பி பக்கம் திரும்பி, அவன் முழங்கையைத் தொட்டு, கையை எடுத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. இதற்குத்தானே இத்தனை பாடு, சேர்த்துவிட்டானே, இனிமேல் என் தம்பி தூங்குவான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பிழைத்து வந்தவள் முகம் இல்லை அது. கேட்டதைக் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்ட வீட்டு வாசலில் நிற்கிறவள் முகம்.

அங்கே என்ன நடந்தது என்று ராஜீவ் அன்று மத்தியானம் என்னிடம் சொன்னான். இரண்டாவது சுற்றில் திரும்புகிற வளைவைத் தாண்டியதும் அவள் டயர் பஞ்சர். அவ்வளவுதான். அவள் கூப்பிடவில்லை. கூப்பிடாவிட்டால் நிற்பார்கள் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் மூன்று பேர் போதுமே, பந்தயத்தில் யாரும் நிற்க மாட்டார்கள், போகட்டும் என்று அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முன்னால் போனவனுக்கு "வந்தாச்சுலா" கேட்டது. லா கேட்டதும் பிரேக்கைப் பிடித்து, திரும்பக் கூடாத சாலையில் திரும்பி, பந்தயத்தை ஒழுங்குபடுத்தும் ஆட்கள் விசில் ஊத ஊத எதிர்த்திசையில் போயிருக்கிறான். அவளைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டு, தோளைப் பிடித்து, தலை, கை, கால் எல்லாம் பார்த்திருக்கிறான். அவளுக்கு முதலில் கோபம். மூன்றாம் இடம் போச்சே, ஏன் அங்கிள் வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள். குரல் கேட்டதை அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான்.

 அதற்கு அவள் கேட்டது இதைத்தான்.

"லா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எனக்கு ஏன் அங்கிள் கேக்கல?"

அப்பா சைக்கிளை எடுத்ததும், அப்பா ஜெர்சியைப் போட்டதும், அப்பா இடத்தில் கடைசியாக வந்ததும் எல்லாம் அதற்குத்தானாம். ராஜீவுக்குக் கேட்கிறது என்று அவளுக்கு முன்பே தெரியும், அர்ஃபானுக்குக் கேட்டது என்றும் அவள் ஊகித்திருந்தாள். தனக்கும் ஒரு தடவை கேட்டுவிடாதா என்று ஒரு வருஷமாகக் காத்திருக்கிறாள். கனவில் கூட வரவில்லையாம். பந்தயத்தில் கேட்கும் என்று நம்பி வந்தாள். வந்தது, அவளைத் தாண்டி முன்னால் போய், இவன் காதில் சொல்லியிருக்கிறது. அதுவும் அவளுக்காகவே. அவள் சாலை ஓரத்தில் உட்கார்ந்து அழுதாளாம். எதற்கு இத்தனை நாள் பயந்தானோ அதற்காக ஒரு பிள்ளை ஏங்கி அழுவதைப் பார்த்துக்கொண்டு என் தம்பி நின்றிருக்கிறான். சொல்லும்போது அவனும் அழுதான். நானும்தான்.

இப்போது மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரும் போகிறார்கள். ராஜீவ் முன்னால், ரக்ஷனா கடைசி. அவன் தனியாக லிஃப்டில் ஏறுகிறான், டிவியில் சத்தம் வைக்கிறான். குரல் கேட்கிறதா என்று நான் கேட்பதில்லை. ஒன்று மட்டும் சொன்னான். சிக்னலைத் தாண்டியதும் அவள் உடனே கூப்பிடுவதில்லையாம். கொஞ்சம் பொறுக்கிறாளாம். முன்னால் யாருக்காவது முதலில் கேட்டுவிடாதா, தனக்குப் பக்கத்தில் ஏதாவது கேட்காதா என்று காது கொடுக்கிறாள். அந்த நேரம் முழுக்க மூன்று ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதிக்கிறார்கள். பிறகு அவள் "வந்தாச்சு" என்கிறாள், லா இல்லாமல்.

வெயில் ஏறியதும் தேக்காவுக்கு வருவார்கள். அவள் மட்டும் தோசைக்குப் போகாமல் மாடியேறி என் கடைக்கு வந்து, மிஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வாள்.  அவள் எழுந்து போன பிறகு நான் குமரனைத் திட்டுவேன். பக்கத்துக் கடைக்காரி லீலாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

"டேய் குமரா, ஊர்ல இருக்கறவன் காதுல எல்லாம் கத்துனியே. பெத்த பிள்ளைடா அது. அவ காதுல ஒரே ஒரு தடவ சொல்லிட்டுப் போயேன்."

சொல்லிவிட்டு மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பேன். கீழே மீன் கடையில் தரையைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம்தான் கேட்கும்.